கை நனைக்காத வீடு

எங்கள் வம்சத்தில், பெண் கொடுத்த வீட்டில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைப்பதில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். என் தகப்பனார் அதையும் குடித்ததில்லை. கந்துகூர்ப் பக்கம் எங்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்றால், இப்படிப்பட்ட விஷயங்களில் நாங்கள் வழுவாததுதான் காரணம்.

ஹைமாவதி என் ஒரே மகள். அவளை ஹைதராபாத்தில் கொடுத்து ஒன்பது வருடமாகியும் நான் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. சங்கராந்திக்கு அவள்தான் மாப்பிள்ளையோடு எங்களிடம் வருவாள். இந்த வருடம்தான் அவளுக்கு வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதம் போய் அழைத்துவர நாள் குறித்து வைத்திருந்தோம். அந்த நாள் வருவதற்குள் வலி கண்டுவிட்டது. ஆண் பிள்ளை. ஒரு ராத்திரி இருந்துவிட்டு விடியும்போது போய்விட்டது. எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இப்ப வராதீங்க மாமா. அவளால யாரையும் பார்க்க முடியல" என்றார் மாப்பிள்ளை பானுமூர்த்தி, போனில்.

தீட்டுக் கழிந்து, அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு நானும் என் மனைவி சௌபாக்யம்மாவும் பஸ் ஏறினோம்.

தில்சுக்நகரில் மாடி வீடு. மாப்பிள்ளை எங்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு ஆபீசுக்குப் போனார். மகள் பாதியாக இளைத்திருந்தாள். அழவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி, பஸ்ஸில் கூட்டமா, ஊரில் மழை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். புளிச்சக்கீரைப் பருப்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், மிளகுச் சாறு. எல்லாம் எனக்குப் பிடித்தவை.

"உக்காருங்க நாயனா. சூடா இருக்கு."

"நமக்குன்னு ஒரு வழக்கம் இருக்கில்லம்மா? நாங்க வெளிய போய் சாப்பிட்டுட்டு வந்துடறோம்."

கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. "இன்னுமா நாயனா?"

இந்தக் காலத்திலுமா இதெல்லாம் என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஆமாம்மா. நம்ம வீட்டுல எது மாறியிருக்கு?" என்றேன்.

அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

தெருவில் இறங்கியதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரன் ஒருவன் கைகாட்டிய இடத்தில் வாசலிலேயே கோழி தொங்கியது. எங்களுக்கு அது ஆகாது. அடுத்த ஓட்டலில் உட்கார்ந்தும்விட்டோம். மேசை துடைத்த துணியாலேயே ஒருவன் டம்ளரையும் துடைத்தான். எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவதில் நாற்காலியே இல்லை.

"நின்னுக்கிட்டுத் தின்ன நான் என்ன மாடா?"

"மாடு கிடைச்சதைத் தின்னுட்டுப் பேசாம படுத்துக்குது" என்றாள் சௌபாக்யம்மா. "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீங்க இவ்வளவு குடையல."

"கண்ட இடத்துல சாப்பிட்டுப் பழக்கமில்ல எனக்கு."

"நல்ல இடம் ஒண்ணு இருந்துது. மாடி ஏறணும், அவ்வளவுதான்."

அவளுக்குச் சர்க்கரை உண்டு. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி எனக்குப் பின்னால் வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக்கடையில் நின்றிருந்த ஒருவரிடம், சைவமாக, உட்கார்ந்து சாப்பிடும்படி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். சந்துக்குள் ஒரு மெஸ் இருப்பதாகச் சொன்னார்.

கூட்டமில்லாத சிறிய கூடம். எங்கள் பக்கத்து ஆட்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சிலேயே தெரிந்தது. கை கழுவும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இலை போட்டார்கள். முதலில் பருப்புப் பொடியும் நெய்யும் வந்தன. ஒருவழியாக மனசு ஒப்பியது.

பரிமாற வந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, "எந்த ஊரு பெரியவரே?" என்றான்.

"கந்துகூர்."

"இங்க யாரு வீட்டுக்கு?"

"பொண்ணு வீட்டுக்கு."

"அதானே பார்த்தேன்! பொண்ணு வீட்டுக்கு வந்துட்டு இங்க சாப்பிட வர்ற பெரியவங்க நிறையப் பேரு." கரண்டியில் சோற்றை அள்ளினான். "இன்னும் பேரப்பிள்ளை பொறக்கலையா?"

அவன் கள்ளமில்லாமல்தான் கேட்டான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. பக்கத்தில் சௌபாக்யம்மா இலையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னுமா நாயனா என்று ஹைமாவதி கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

இலைமேல் கையை விரித்து வைத்தேன்.

"பொறந்தான்" என்றேன். "ஆண் பிள்ளை."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க? மாப்பிள்ளையோட சண்டையா?" என்று சிரித்தான் அவன்.

பிறந்தால் போதும் என்பதுதான் எங்கள் வழக்கம். எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று என் தகப்பனாரும் சொன்னதில்லை, அவருடைய தகப்பனாரும் சொன்னதில்லை. எழுந்துவிட்டேன்.

"சுகர்காரிய இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வெப்பீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே சௌபாக்யம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனால் திரும்பும்போது எனக்கு முன்னால் நடந்தாள்.

மாடிக் கதவு திறந்தே கிடந்தது. மூடிவைத்த பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஹைமாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"எந்த ஓட்டலும் புடிக்கலையா நாயனா? தெரு முனையில இன்னொண்ணு..."

"தட்டு வை."

அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பேரன் பொறந்த வீடு இருக்கறப்ப நான் எதுக்கும்மா ஓட்டல்ல சாப்பிடணும்?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சட்டென்று திரும்பித் தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். குழாய்ச் சத்தத்துக்கு மேலாக அவள் அழுவது எனக்குக் கேட்டது. சௌபாக்யம்மா எழுந்திருக்கப் போனாள். இரு என்று கைகாட்டினேன்.

"எல்லாம் ஆறிப்போச்சு நாயனா. சுட வெக்கறேன்."

"வேண்டாம். போடு."

பருப்பை ஊற்றிப் பிசைந்தேன். ஒன்பது வருடம் கழித்து அந்த வீட்டில் முதல் கவளம். வீட்டில் பேரன் பிறந்தால் தாத்தா முதலில் கேட்பது ஒன்று உண்டு. இரண்டு மாதமாக அவளிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"யாரு ஜாடைம்மா?"

கத்திரிக்காய்க் கிண்ணத்தோடு எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"மூக்கு உங்க மூக்கு நாயனா. அந்தச் சின்ன மூஞ்சியில மூக்கு மட்டும் பெரிசா... நர்ஸம்மாகூடச் சிரிச்சாங்க." விரலால் தன் மூக்கின்மேல் அந்த வளைவை வரைந்து காட்டினாள். "முடி நிறைய இருந்துது. கால் விரல் அவரோடது. ஒரு தரம் கொட்டாவி விட்டான்."

"கொட்டாவியா?"

"ஆமா. நான் பார்த்தேன்."

பேசிக்கொண்டே என் தட்டில் சோறு போட்டாள். வயசான வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. போதும் என்று சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று தோன்றியது. அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.