சனிக்கிழமைப் பாடம்

சவப்பெட்டியில் கிடந்த கணவன் ஆர்விலின் டை முடிச்சை எடித் மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. ஆர்விலின் தம்பி ஈஸ்ராவும் தங்கை மேட்டியும் மக்காச்சோளப் பண்ணையிலிருந்து வந்துவிட்டார்கள். போச்சுடா என்றிருந்தது அவளுக்கு. கூடத்தில் பாதிரியாரும் வங்கி மேலாளர் வீட்டம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கூட்டத்தை அவள் வாசலோடு நிறுத்தி வைத்திருந்தாள். குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆர்விலை மனுஷனாக்கியதே அவள்தான். முள்கரண்டி பிடிப்பது, வீட்டுக்காரி உட்காரும்வரை மேசையருகே நிற்பது, காப்பியைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சாமலிருப்பது, ஊமைப்படக் கொட்டகையில் தொடையைத் தட்டிச் சிரிக்காமலிருப்பது, எல்லாமே பாடம். அவனும் வாயைத் திறக்காமல் கற்றுக்கொண்டான். சனிக்கிழமை மட்டும் கிளப்புக்குப் போவான். அவனைக் கிளப்பில் பார்த்ததே இல்லையென்று துக்கம் கேட்க வந்த ஒருவர் நேற்று உளறிவிட்டார். அப்போதிருந்து எடித்துக்கு அதே நினைப்புதான். என்னிடமிருந்து தப்பித்து எங்கேதான் போனார்?

மேட்டி பெட்டியருகே நின்று மூக்கைச் சிந்தினாள். எடித் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சனிக்கிழமை உங்க வீட்டுக்கா வந்தாரு? மறைக்காம சொல்லு."

"வேற எங்க போவாரு அண்ணி?"

"என்னைத் திட்டித் தீர்த்திருப்பாரே."

"திட்டுறதா? நல்லாயிருக்கே! எங்க உசிரையில்ல வாங்கினாரு. எடித் இப்படிச் சொன்னா, எடித் அப்படிச் சொன்னான்னு ஒரே பெருமை. ஈஸ்ரா அண்ணன் உருளைக்கிழங்குல கைய வச்சா, கரண்டியாலயே பட்டுனு ஒண்ணு போடுவாரு. 'ஒருநாள் அவ உங்கள விருந்துக்குக் கூப்பிடுவா, அன்னிக்கு என் மானத்தை வாங்கிடாதீங்க'ம்பாரு." மேட்டியின் குரல் உடைந்தது. "நீங்கதான் கூப்பிடவே இல்லையே."

எடித் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், மூடினாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் லாரியில் ஏறப்போன இருவரையும் அவளே போய் நிறுத்தினாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பாட்டு மேசையில் வங்கி மேலாளர் வீட்டம்மா ஏற்கெனவே பன்றிக்கறியை வெட்டி மென்றுகொண்டிருந்தாள். ஈஸ்ராவும் மேட்டியும் தங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் விறைப்பாக நின்றார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

"நீங்க மொதல்ல உக்காருங்க அண்ணி," என்றான் ஈஸ்ரா மெதுவாக. "அதுதானே முறை?"

எடித் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உடனே உட்கார முடியவில்லை. அவர்கள் இருவரும் நின்றபடியே காத்திருந்தார்கள்.