பதினான்கு கையெழுத்துகள்

“தொட்டப்பா, நீங்கள் சொல்லித்தான் அம்மா கையெழுத்துப் போட்டவ எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

வீட்டில் புறப்படும்போது ஒருதரம், விம்பிள்டனில் ரயில் மாறும்போது ஒருதரம், சட்டனில் இந்த வீட்டு மணியை அழுத்துமுன் ஒருதரம் என்று அம்மா மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவரோடை என்னவும் கதை, எழுத்திலை மட்டும் ஒண்டும் கேட்டிடாதை. பிறேமினி சோபாவில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கேட்டுவிட்டாள்.

கிறிஸ்துநாயகம் அவளுக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்ட தொட்டப்பா. மின்சாரப் பிளக் செய்யும் தொழிற்சாலையில் அம்மாவின் லைனுக்கு மேற்பார்வையாளர். அம்மாவையும் இன்னும் பதின்மூன்று பெண்களையும் அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். பத்தொன்பது வருசமாக அம்மா நின்றபடியே பித்தளைக் கால்களைப் பிளாஸ்ரிக்குக்குள் அழுத்தினாள். போன மார்கழியில் மெசின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து ருமேனியாவுக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒரு கிழமை முன்னால் இவர் ஒரு பேப்பர்க் கட்டோடு லைனுக்கு வந்து, வழமையான பேப்பர்தான், போடுங்கோ என்றார். பதினான்கு பேரும் போட்டார்கள். ‘என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று இங்கிலிசில் இருந்ததுதான் அந்தப் பேப்பர்.

தை மாதம், வேலை தேடித்தரும் அரசாங்க ஜொப் சென்டரில்தான் அது தெரிய வந்தது. வேலை வெளிநாட்டுக்குப் போனதால் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பயிற்சி உண்டு, வேறு வேலை கிடைக்கும்வரை அரசாங்கத்தின் பெனிபிட் காசு உண்டு. தாங்களாக விட்டவர்களுக்குப் பயிற்சி இல்லை, பெனிபிட்டும் மூன்று மாதம் நிறுத்தம். முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பதற்குச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். இன்று ஞாயிறு. அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலும் வீக்கம், வாடகை இரண்டு மாதம் பிந்திவிட்டது. குடும்பத்தில் முதன்முதல் யூனிவர்சிற்றிக்குப் போன பிறேமினிக்கு ஒரு தற்காலிக வேலை இருந்தது, அதுவும் பங்குனியோடு முடிகிறது.

“கடிதம் என்னத்துக்கு, பிள்ளை?” என்றார் கிறிஸ்துநாயகம். “நான் வந்து வாயாலை சொல்லுறன்.”

“வாயாலை சொன்னா எடுக்க மாட்டாங்கள்.”

“படிச்ச பிள்ளையள் எல்லாத்தையும் பேப்பரிலைதான் கேப்பினம்,” குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மேரிறோஸ் மாமியின் குரல் வந்தது. “சாந்தி, நீ பிஸ்கட்டை எடு.”

அம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

பிறேமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்குக் கம்பனி ஏதோ கொடுத்திருக்கிறது, அதனால்தான் நழுவுகிறார் என்று ஒரு மாதமாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பைலுக்குள் கையை விட்டு ஒரு தாளை உருவி அவர் முன்னால் நீட்டினாள்.

“இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து கீழே மெல்லப் பார்த்தார். உதடுகள் லேசாக அசைந்தன. பெருவிரல் தாளின் ஓரத்தில் மேலும் கீழும் போய் வந்தது.

“ஓம். உந்தப் பேப்பர்தான். நான்தான் எல்லாருக்கும் குடுத்தனான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே.”

அவள் குனிந்து மடியைப் பார்த்தாள். அம்மா கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி இன்னும் அவள் மடியிலேயே கிடந்தது. அவர் கையில் இருந்தது ஜொப் சென்டரின் கடிதம். அதில் அம்மாவின் கையெழுத்தே இல்லை.

குசினியிலிருந்து மேரிறோஸ் மாமி வந்து, அவர் தோளுக்கு மேலால் ஒரு தரம் பார்த்துவிட்டு, தாளை மெதுவாக வாங்கி மடித்தாள். “இவருக்குக் கண்ணாடி மாத்த வேணும். சொன்னாக் கேக்கிறேல்லை.”

“ஓம் அக்கா,” என்றாள் அம்மா உடனே. “எனக்கும் இப்ப கண் மங்கல்தான்.”

கிறிஸ்துநாயகம் எழுந்து, பின்வளவில் நனையும் உடுப்புகளை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே மழை இல்லை. மாமியும் பின்னாலேயே போனாள்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள் பிறேமினி.

“எல்லாருக்கும் தெரியும். மெல்லக் கதை.” அம்மா பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். “அவர் இங்கிலிஸ் நல்லாக் கதைப்பார். மனேசரோடை எங்களுக்காண்டி எத்தினை சண்டை பிடிச்சிருக்கிறார். எழுத்திலை ஏதும் வந்தா மடிச்சுப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு போவார். இரவு மேரிறோஸ் அக்கா வாசிச்சுச் சொல்லுவா, காலமை வந்து எங்களுக்குச் சொல்லுவார். அண்டைக்கு மனேசர் பக்கத்திலை நிண்டுகொண்டு இப்பவே வேணுமெண்டிட்டான்.”

“அப்ப அவர் வாசிக்கேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டே போட்டனீங்களோ?”

“அந்தாள் பேப்பரைப் பிடிச்சபடி என்னைப் பாத்தார். பதினாலு பேருக்கு முன்னாலை, எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு அவர் எப்பிடிச் சொல்லுறது? நான் முதல் போட்டன். பிறகு மற்றவையும் போட்டினம்.” அம்மாவின் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது, இன்றைக்கு லைன் எப்படி என்று கேட்டால் சொல்கிற குரல் அது. “இதை நீ எங்கையும் எழுதாதை, பிள்ளை. எனக்குப் பயிற்சியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்.”

பிறேமினியின் கோபத்துக்கு இப்போது போக இடமில்லாமல் இருந்தது. லஞ்சம் வாங்கியவரென்றால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். இவர்கள் ஒருவரையொருவர் இத்தனை வருசம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை யாரோ ஒரு மனேசர் ஐந்து நிமிடத்தில் பயன்படுத்திக்கொண்டு போய்விட்டான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

கிறிஸ்துநாயகம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“பாதரோடை கதைச்சனான். கோயில் ஹோல் துப்பரவாக்க ஒரு ஆள் வேணுமாம். சாந்திக்கு எண்டு சொல்லி வைக்கிறன்.” பிறகு பிறேமினியைப் பார்க்காமல் சொன்னார், “கடிதத்தை மட்டும் என்னட்டைக் கேளாதை, மகள்.”

“கேக்கேல்லை, தொட்டப்பா.”

அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு ஏலாமல் இருந்தது. அவர் எழுத வேண்டியதில்லை, அவள் எழுதுவாள். வாசிக்கத் தெரியாத ஒருவரைக் கொண்டு பதினான்கு பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று, அவருடைய முழுப்பெயரைப் போட்டே எழுதுவாள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இது பதினான்கு வளர்ந்த ஆட்கள் தாங்களாக விலகிய கதைதான். நாளைக்கு மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் போக வேண்டும். பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள். அம்மா எத்தனை நாள் கதைக்காமல் இருப்பாள் என்று தெரியாது.

பைலை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“தேத்தண்ணி குடிக்கேல்லையே நீ,” என்றாள் மாமி.

“அம்மா இருந்து குடிச்சிட்டு வரட்டும்.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

நடையில் நான்கு சோடிச் சப்பாத்துகள் கிடந்தன. பிறேமினி தன்னுடையதை மாட்டினாள். அம்மாவுடையவை குதி தேய்ந்து உள்ளே சரிந்து, சுவரைப் பார்த்துக் கிடந்தன. முழங்கால் வலியோடு குனிந்து திருப்ப வேண்டியிருக்குமே என்று, அவற்றை எடுத்து வாசலைப் பார்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.