கொடியோடு வந்த கல்

கல்லறையில் படர்ந்திருந்த ஐவிக்கொடியைக் கிளைவ் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. கொடி பாய் மாதிரி சுருண்டு காலடியில் விழுந்தது. கல்லில் பெயர் இல்லை. ஆல்மா, ஏழு வயது, விக்டோரியா ராணி காலத்து வருஷம், எல்லாம் மணற்கல்லின் மேல்தோலோடு கொடியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டன.

கொடியை அடியில் அறுத்துவிட்டு, அது தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் ஊரின் இந்தப் பழைய இடுகாட்டைச் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே கிளைவ்தான். பச்சைக்கொடியைப் பிடுங்கிய ஒருவரைப் போன மாதம் "காட்டான்" என்று திட்டியதும் அவர்தான். ஆனால் இன்று ஹல் நகரத்திலிருந்து ஆல்மாவின் உறவுக்காரி பெரில் வருகிறாள். கல்லைப் பார்த்ததும் அவள் "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும். ஆசை யாரை விட்டது?

"என்ன கிளைவ், ராணியா வராங்க? தலையெல்லாம் வாரியிருக்கு!" என்று காலையில் குழுத்தலைவி மோரீன்கூடச் சீண்டினாள்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். கிளைவ் கொடியை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, மேலே புல்லைக் குவித்தார். ஜாம் திருடிய பையனைப்போல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பெரில் கையில் சுருட்டிய காகிதமும் கறுப்பு மெழுகுக்கட்டியும் இருந்தன. எழுத்தின்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்சு எடுத்துப்போக வந்திருந்தாள்.

"அப்பாவால இனிமே வர முடியாதுங்க. இவங்க அவரோட அத்தை. ஒரு போட்டோகூடக் கிடையாது. பேரையாவது தடவிப் பாக்கணும்னு படுக்கையில கெடந்து கேக்குறாரு."

பிறகுதான் கல்லைப் பார்த்தாள்.

"மழை, பனி... மணற்கல்லு பாருங்க, தாங்காது," என்றார் கிளைவ்.

பக்கத்து வரிசையில் மோரீன் நின்றிருந்தாள். மழை தின்ற கல் கறுத்திருக்கும். இது தேன் நிறத்தில் பச்சைக் காயமாக இருந்தது. அவளுக்குத் தெரியாததா? அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வரிசைக் களையைப் பிடுங்கக் குனிந்துகொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"போகுது விடுங்க," என்று பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரோ எவரோ, எங்க வீட்டுப் பிள்ளைக்காக இவ்வளவு பாடுபடுறீங்களே." வீட்டில் செய்த இஞ்சிக் கேக்கை அவர் கையில் வைத்தாள். தின்னவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"சும்மா நிக்கிறதுக்கு, இந்த வண்டியையாவது கொட்டிட்டு வரேன்," என்றாள் பெரில்.

"வேணாம்மா! வைங்க, நான்..."

"அட, இதென்ன பெரிய மலையா?"

காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளினாள். வேர்மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியதில், புல்லுக்கடியிலிருந்து ஏதோ வழுக்கிக் கிளைவின் பூட்ஸ் அருகே மல்லாந்து விழுந்தது. காலை ஒரு சாண் நகர்த்தினால் போதும், மறைந்துவிடும்.

"என்னமோ விழுந்துச்சே?" என்று அவள் திரும்பினாள்.

கிளைவ் கேக்கைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு குனிந்தார். உள்ளங்கை அகலக் கல் துண்டு. கொடி இத்தனை காலம் பொத்தி வைத்திருந்த ஆல்மாவின் முதல் எழுத்து, உளியின் கூர்மை மாறாமல் இருந்தது. இரண்டு கையிலும் அதை ஏந்தி, தலை நிமிராமல் நீட்டினார்.

"மழையில்லம்மா. நான்தான்."

பெரில் வாங்கவில்லை. அவள் கக்கத்திலிருந்து நழுவிய வெள்ளைக் காகிதம் புல்லில் விரிந்து, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.