நாலாயிரம் வரி ஸ்டைல்ஷீட்

உள்துறைமுக வீதியில் இரும்புக் கடைக்கு மேலேயுள்ள மாடி அறையில், பிரசாந்தினியும் நஸ்ரியும் மூன்று வாரமாக ஒரே கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் இணையத்தளத்துக்கான ஸ்டைல்ஷீட் அது. எந்த எழுத்து எவ்வளவு பெரிது, எந்தப் பொத்தான் என்ன நிறம், படத்துக்கும் படத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் நாலாயிரம் வரிக்கு நீண்டிருந்தது. இனி அது கூடாதாம். கொழும்புத் தலைமையகம் பண்ட்லருக்கு மாறச் சொல்லியிருந்தது. சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒன்றாகப் பொதிகட்டித் தரும் கருவி. அதில் ப்ளக்இன் என்ற துணை நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் தனக்கு வேண்டிய ஸ்டைலை ஒற்றை ‘இம்போர்ட்’ வரியில் தானே அழைத்துக்கொள்ளும்.

வெட்ட வெட்டப் பழைய நாட்கள் வெளியே வந்தன. ஏழு வருஷத்துக்கு முன் இந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாமவன் யதுர்சன், இப்போது கனடாவில். கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் குறிப்புகளாக, மூவரும் ஒருவருக்கொருவர் எழுதிவைத்தவை கோப்புக்குள் அப்படியே கிடந்தன.

“இங்க பாருங்க,” நஸ்ரி திரையைத் திருப்பி வாசித்தான். “‘இது ஏன் வேலை செய்யுது எண்டு எனக்கே தெரியாது. ஒருத்தரும் தொடாதேங்கோ. யது.’”

பிரசாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே அவளுடைய குறிப்பு: ‘மழை. கரண்ட் போயிட்டுது. மிச்சம் நாளைக்கு.’ அன்றைக்குக் கதிரைகளை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, சீனக்குடாப் பக்கம் கப்பலொன்று மழைக்குள் மறைவதைப் பார்த்தபடி, நஸ்ரியின் உம்மா கிண்ணியாவிலிருந்து கட்டியனுப்பிய இறால் சோற்றை மூவரும் ஒரே பார்சலில் பிசைந்து தின்றார்கள். யதுர்சன் கடைசி இறாலை மறைத்துவைத்துப் பிடிபட்டான்.

இன்னும் கீழே நஸ்ரி எழுதியிருந்தான்: ‘இந்த நீலத்த மாத்தாதீங்க. மூணு நாள் கடற்கரைக்குப் போய்ப் பாத்து எடுத்த நிறம்.’ உண்மைதான். மடிக்கணினியைத் தண்ணீருக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து, வலை இழுத்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள்.

“இதுகளை அழிக்கவோ?” என்று கேட்டாள்.

“பொதி கட்டக்குள்ள தானாப் போயிடும். பாக்கிற ஆக்களுக்குத் தெரியாது. எங்கட கோப்பில இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் நஸ்ரி கடைசித் துண்டையும் இம்போர்ட் செய்தான். இருவருடைய கணினியிலும் தளம் பழையபடியே வடிவாக இருந்தது. கொழும்பில் குழுத் தலைவர் இராகுலன் அதை எடுத்து, தன் பங்குக்குச் சில திருத்தங்கள் செய்து, ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டார்.

திங்கள் காலை ஹோட்டல் முகாமையாளர் போன் எடுத்தார். “தங்கச்சி, எங்கட சைட்டுக்கு என்ன நடந்தது?”

பிரசாந்தினி தளத்தைத் திறந்து பார்த்தாள். வெள்ளைப் பின்னணி, கறுத்த எழுத்து, அடிக்கோடிட்ட இணைப்புகள். படங்கள் திரைக்கு அடங்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. நீலம் எங்கேயும் இல்லை.

பத்து மணிக்கு இராகுலனின் அழைப்பு வந்தது. “ஸ்டைலெல்லாம் இம்போர்ட் பண்ணினது ஆர்?”

“நான்தான் சேர்,” என்றான் நஸ்ரி. “என்ட மெஷின்ல சரியா வந்திச்சு சேர்.”

“எல்லாரும் சொல்லுறதுதானே அது. உங்கட கொன்ட்ராக்ட் இந்த மாதத்தோட முடியுது, என்ன? பாப்பம்.”

ஏழு வருஷமாக ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்த ஒப்பந்தம் அது. நஸ்ரி முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்க்கத் தொடங்கினான்.

பிரசாந்தினி சாப்பாட்டைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குக் கண்டுபிடித்தாள். பொதி சின்னதாக வரட்டும் என்று யாரோ சனிக்கிழமை பண்ட்லரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இம்போர்ட் செய்தும், உள்ளேயிருந்து எதையும் பெயர் சொல்லி எடுக்காத கோப்புகளை எறிந்துவிடலாம் என்று அந்த வரி பண்ட்லருக்குச் சொன்னது. ஸ்டைல்ஷீட்டிலிருந்து யாரும் எதையும் பெயர் சொல்லி எடுப்பதில்லை. அழைத்தால் போதும், அது தன் வேலையைப் பார்க்கும். வெளியே விடும் பொதியில் மட்டும்தான் எறிதல் நடக்கும். அதனால்தான் இங்கே தெரியவில்லை. வரிக்குப் பக்கத்தில் அதைச் சேர்த்தவர் பெயர் இருந்தது. இராகுலன்.

படிக்கட்டில் நின்று அவருக்குப் போன் எடுத்தாள். நடந்ததை விளங்கப்படுத்தினாள்.

“சரி. கண்டுபிடிச்சது நல்லம். திருத்தி விடுங்கோ.”

“ஹோட்டலுக்குப் போற அறிக்கையில எழுதட்டோ சேர்? நஸ்ரியில பிழை இல்லையெண்டு?”

“அறிக்கை நான் எழுதுறன். கஸ்டமருக்கு இந்தச் சின்ன விசயமெல்லாம் தேவையில்லை.”

ஸ்டைல் கோப்புகளை எறியாதே என்று அந்த வரியைத் திருத்தினாள். பத்து நிமிஷத்தில் தளம் எழுந்து நின்றது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்று நஸ்ரி மேசையில் தட்டினான்.

புதன்கிழமை அறிக்கை வந்தது. ‘திருகோணமலைக் கிளையில் ஸ்டைல்களை இம்போர்ட் செய்ததில் நேர்ந்த தவறு, கொழும்புக் குழுவினரால் உடனடியாகத் திருத்தப்பட்டது.’ பிரசாந்தினி திகதியோடும் வரியோடும் தலைமையகத்துக்குப் பதில் எழுதினாள். பதில் இல்லை. மேலிடத்துக்கும் பிரதி போட்டு இரண்டாம் முறை எழுதினாள். அதற்கு வந்த மின்னஞ்சலில் நஸ்ரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும், அலுவலகப் பூட்டின் திறப்பை அவனிடமிருந்து அவள் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் பின்னேரம் நஸ்ரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

“நான் எழுதினனான் நஸ்ரி. ரெண்டு தரம்.”

“தெரியும். இனி எழுதாதீங்க. உங்கட வேலையும் போயிடும்.”

திறப்புக் கோர்வையை வெளியே எடுத்தான். மோட்டார் சைக்கிள் திறப்புக்கும் வீட்டுத் திறப்புக்கும் நடுவே அலுவலகத் திறப்பு இருந்தது. உப்புக் காற்றில் வளையம் துருவேறி இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தான். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பிரசாந்தினி எழுந்து வந்து வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து விரித்துக் கொடுக்க, அவன் திறப்பை மெல்ல மெல்லச் சுற்றிக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான்.