மண்மேட்டில் ஓர் அறை

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் படத்தில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் மண்மேட்டின் மேற்குச் சரிவில் முட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்தால் புகை வந்துவிடும். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தால் ஆடு மேய்ப்பவரின் டி.வி.எஸ். வண்டி வந்துவிடும். இரண்டும் இல்லாத ஒரு சின்னச் சதுரத்துக்குள்தான் என்னுடைய ராஜஸ்தான் இருந்தது. நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணை எந்தக் காலத்திலோ கொட்டிவிட்டுப் போன மேடு அது. மழை அரித்து அரித்து, சிவப்பும் வெள்ளையுமாக வரி விழுந்து, சாயங்கால வெயிலில் சத்தியமாகப் பாலைவனம் மாதிரியே இருக்கும். மேட்டடியில் கூரை போன பம்ப் ஷெட் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதைப் பாழடைந்த அரண்மனை என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். வடலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நான், கல்யாணத்துக்கு முன்பு அவுட்டோர் படம் எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகளை இங்கேதான் கூட்டி வருவேன். ஆல்பத்தைப் பார்க்கும் சொந்தக்காரர்கள் “ஜெய்சல்மேரா?” என்று கேட்டால் எந்த ஜோடியும் மறுத்ததில்லை.

ஆனால் அன்றைக்கு வந்த மாப்பிள்ளை கார் கதவைத் திறந்து ஒரு கால் வைத்ததுமே முகம் சுருங்கிப் போனான். பெயர் கார்முகில். சேத்தியாத்தோப்புப் பையன், சவூதியில் எலக்ட்ரீசியன். கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான்.

“இன்னா பாய், ரெண்டு வருஷமா இத்தத்தான பாத்துக்கினு இருந்தேன்? லீவுல வந்தும் மண்ணுலயே நிக்க வெச்சிட்டீங்களே!”

“தம்பி, நீங்க பாத்தது ஒரிஜினல். ஒரிஜினல்ல கண்ணு எரியும். இது டூப்ளிகேட், மூஞ்சி நல்லா விழும்” என்றேன்.

இந்த முறை இடத்தைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, மணப்பெண். சுரங்கத்து டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த இசைப்பிரியா. முந்தின வாரம் ஆல்பம் மாடல் பார்க்கிற சாக்கில் ஸ்டுடியோவுக்கு வந்தவள் மாடலைப் புரட்டவே இல்லை. அவள் அப்பா சிவப்பிரகாசம் சுரங்கத்தில் பெர்மனென்ட். மகளைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் கான்ட்ராக்ட் என்று திருப்பி அனுப்பியவர், வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் உடனே சரி சொல்லிவிட்டார். மகளையும் கூட்டிப் போய்விடுவான் என்று தரகர் சொன்னதில் அவருக்கு ஏகப் பெருமை.

“ரூம் போட்டோ அனுப்புங்கன்னா மால் போட்டோவா அனுப்புறாரு அண்ணே. போன்ல பேசுனா வீடே சுத்தி உக்காந்திருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போவாரா, விட்டுட்டுப் போவாரா? தாலி ஏர்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். ஆளில்லாத அந்த மண்மேட்டுக்கே கூட்டிட்டுப் போங்க” என்றாள் அவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நிச்சயம் ஆன ஜோடி மனம் விட்டுப் பேசுவதற்குக் கிடைக்கும் ஒரே இடம் என் கேமராவின் எதிர்ப்புறம்தான்.

அதற்கும் காவல் உண்டு. பெண்ணின் அத்தை கனகம் முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தார். அவர் கையில் வெளிச்சம் அடிக்கும் வெள்ளித் தட்டியைக் கொடுத்து இருபதடி தள்ளி நிறுத்தினேன். பொறுப்பு வந்ததும் அத்தை ஆளே மாறிவிட்டார்.

“அத்தே, கண்ணு கூசுதுங்க” என்றான் கார்முகில்.

“கூசட்டும். மாப்ள கறுப்புன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு.”

வழக்கம்போல, “பேசுற மாதிரி நடிங்க” என்றேன். மற்ற ஜோடிகள் இதற்கு ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்கள். இசைப்பிரியா நடிக்கவில்லை.

“உங்க ரூம் எப்படி இருக்கும்?”

“நல்லாருக்கும்.”

“வரைஞ்சு காட்டுங்க. மண்ணுதான் இருக்கே.”

அவன் என்னைப் பார்த்தான். நான் அவசரமாக லென்ஸைத் துடைத்தேன். சிரித்துக்கொண்டே ஷூ குதிகாலால் ஒரு நீள்சதுரம் கிழித்தான். பிறகு கட்டில்கள். வரைய வரைய அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இது மலையாளத்து பஷீரு. கொறட்ட வுட்டான்னா எங்கட்டிலு ஆடும். இது நேபாளி, தூக்கத்துல பாடுவான். எல்லாமே ரெண்டு அடுக்குக் கட்டிலு. நான் இங்க, மேல.” இசைப்பிரியா மஞ்சள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் உள்ளே போய் நடுவில் நின்றாள்.

“நான் எங்க?”

அவன் கால் நின்றுவிட்டது. மேட்டுக் காற்றில் அவள் முந்தானை படபடத்தது. அத்தையின் தட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

“என் கிரேடுக்கு ஃபேமிலி விசா கெடையாது” என்றான். “புரோக்கராண்ட மொதல்லயே சொல்லிட்டேன். அவுரு உங்கூட்ல சொல்லலன்னு நிச்சயத்துக்கு அப்பறந்தான் தெரிஞ்சிது. அதுக்கப்பறம் எனக்கு வாயே வர்ல. நீ வாணாம்னு சொல்லிட்டீன்னா?”

இந்த இடத்துக்கு வந்து ஒரு கல்யாணமும் நின்றதில்லை.

“அட, நாசமாப் போற புரோக்கரு!” என்று கத்தினார் அத்தை.

“அத்தே, நீங்க லைட்ட மட்டும் காட்டுங்க” என்றாள் இசைப்பிரியா. அவனிடம் திரும்பி, “சவூதிக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“இங்கதான். மைன்ஸ்ல கான்ட்ராக்ட். அதுக்குத்தான ஒருத்தனும் பொண்ணு குடுக்கல? அந்த ரோசத்துலதான் பிளைட்டு ஏறுனேன்.”

அவள் சிரித்துவிட்டாள். அதுவரை எடுத்த படங்களில் இல்லாத சிரிப்பு. என் விரல் தானாக அழுத்தியது.

“கான்ட்ராக்ட்னா, ஷிப்ட் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவீங்கல்ல?”

“வராம எங்க போறது?”

“எனக்கு அது போதும்.”

அவன் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தான். “ஒங்கப்பா உடுவாரா?”

“அண்ணன நான் பாத்துக்கிறேன்” என்றார் அத்தை. தட்டியைக் கேடயம் மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு மேடேறி வந்துவிட்டார். “கத்துவாரு. கத்தட்டும். பொண்ணக் கண்ணு முன்னாடி வெச்சுக்கினு கத்தட்டும். நீ மொதல்ல அந்தக் கட்டில எல்லாம் அழிப்பா, பாக்கவே மூச்சு முட்டுது.”

கார்முகில் படத்துக்காகப் போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். முதலில் தன் கட்டிலை அழித்தான். பிறகு நேபாளியுடையதை. பஷீரின் கட்டிலில் மட்டும் கால் கொஞ்சம் தயங்கியது, அப்புறம் அதுவும் போயிற்று. இப்போது வெறும் நான்கு கோடுகளும் நடுவில் அவளும்தான். நான் படுத்துக்கொண்டு எடுத்தேன், உட்கார்ந்துகொண்டு எடுத்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

“அடுப்பு எங்க வெக்கட்டும்?” என்று கேட்டான்.

அவள் முந்தானையைக் கையில் உயர்த்திப் பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.