செத்த கண்ணின் தாளம்

மூத்த ஆய்வாளர் உமாசங்கர் அனுஷாவின் வரைபடத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"ஃப்ரிட்ஜோட இரைச்சலுக்குப் பேப்பர் எழுதப் போறியா? ஃபில்டரைப் போடாம ரெக்கார்ட் பண்ணாதேன்னு எத்தனை தடவை சொல்றது நோக்கு?"

"ஃப்ரிட்ஜை அணைச்சாச்சு சார். ஏசியையும் அணைச்சாச்சு. பாக்கி நீங்களும் நானும்தான்" என்றாள் அனுஷா.

மேசைமேல் அறுபது நுண்கம்பிகள் பதித்த ஒரு கண்ணாடித் தட்டு. அதில் ஓர் எலியின் கண்ணிலிருந்து எடுத்த, நகத்தளவு விழித்திரை. வெளிச்சத்தை வாங்கும் செல்கள் பிறவிக் கோளாறில் அழிந்துபோன கண் அது. அவற்றுக்குப் பின்னால் நின்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்புச் செல்கள் மட்டும் மிச்சம். அவையும் செத்தவைதானா என்பதுதான் கேள்வி. செத்தவை என்று உமாசங்கர் அறிக்கையே எழுதி வைத்துவிட்டார். பதினொரு மணிக்கு ஆய்வகத் தலைவர் பத்மஜா மேடம் அதில் கையெழுத்துப் போட்டால், அந்தச் செல்களை மின்சாரத்தால் எழுப்பிப் பார்க்கும் அடுத்த கட்டம் அத்தோடு முடிந்தது.

பதிவிலிருந்து இரைச்சலை நீக்கும் உமாசங்கரின் ஃபில்டர் நிரல், நல்ல கண்களுக்காக ஆறு வருடம் முன்பு எழுதப்பட்டது. தாளம் தவறாமல் வரும் எதையும் கரண்ட் தொந்தரவு என்று வெட்டி எறிந்துவிடும். அனுஷா அதை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, வினாடிக்குப் பத்துத் தடவை, விடாமல், அந்தச் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. மூன்று மாதமாக உயிரை வெட்டி எறிந்துவிட்டு, உயிரில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கோபம் அதற்கு மட்டுமல்ல. அவளுடைய அப்பா தாணுமாலையன் ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். அவருக்கும் இதே கோளாறு; முப்பது வயதில் மாலைக்கண்ணாக ஆரம்பித்து ஐம்பதில் முழு இருட்டு. "கண்ணுக்குள்ள பொறி பறக்கு மக்கா, நிக்கவே மாட்டேங்கு" என்பார். குடித்துவிட்டு உளறுகிறான் என்று கூடச் சுமந்தவர்கள் சிரித்தார்கள். அதெல்லாம் மனப்பிரமை என்று ஒரு டாக்டரே சொன்னார். இந்த எலியால் அப்பாவுக்குப் பார்வை வந்துவிடும் என்று நம்ப அவள் முட்டாளில்லை. ஆனால் அந்தப் பொறி இந்தத் துடிப்புதான் என்றால், அவர் பொய் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் பத்மஜா வந்தார். "என்ன சண்டை?"

"பத்து நிமிஷம் குடுங்க மேடம். கையெழுத்தை அப்பறம் போடுங்க."

பல் பிடுங்கும்முன் ஈறில் போடும் மரப்பு மருந்தை அனுஷா தட்டில் ஓடும் உப்பு நீரில் கலந்தாள். திரையில் அறுபது கட்டங்களும் துள்ளிக்கொண்டிருந்தன. பிறகு இடது ஓரம் தளர்ந்தது. நடுவில் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அறுபதும் தட்டையான கோடாயின. மருந்தை நிறுத்தி வெறும் உப்பு நீரை ஓடவிட்டாள். நான்கு நிமிடம் கழித்து ஒரு மூலையில் ஒரு துடிப்பு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் திரை முழுக்க அதே தாளம்.

பத்மஜா மெதுவாகத் திரும்பினார். "உமாசங்கரே, நம்ம ஃப்ரிட்ஜுக்கு மரத்துப்போகுமோ?"

பத்மஜா அறிக்கையை இரண்டாக மடித்து அனுஷாவிடம் நீட்டினார். "திருத்தி எழுது. உன் பேரு முதல்ல. இப்ப கரண்ட் குடுத்துப் பாரு, நானும் பாக்கறேன்."

துடிப்பு சற்று அடங்கியிருந்த ஒரு செல்லைத் தேர்ந்து, அதன் கம்பியில் மிகச் சிறிய மின்சொடுக்கு ஒன்றைக் கொடுத்தாள். திரையில் ஒரு முள் எழுந்து தணிந்தது. இரண்டு கொடுத்தாள். இரண்டு முட்கள்.

உமாசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "தற்செயலா இருக்கும். மூணு குடு, பாப்போம்."

மூன்று முட்கள்.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கேட்காமலே அனுஷா நான்கை அழுத்தினாள்.