பகலில் போன் யாரிடம்?

மாத்திரை அடைக்கும் கம்பெனியில் அவளுக்கு ‘லொடலொடா’ என்றுதான் பெயர். திறந்த வாய் மூடாது. அப்பேர்ப்பட்டவளின் போனில் ஒரு சாயங்காலம் அந்தச் செய்தி வந்து நின்றது: ‘சில வாரங்களாக உங்கள் பேச்சில் மாற்றம் தெரிகிறது. மனச்சோர்வின் தொடக்கமாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.’

தொழிலாளர்கள் எல்லோருக்கும் கம்பெனி போட்டுக்கொடுத்த செயலி அது. என்ன பேசுகிறோம் என்று கேட்காதாம். குரல் எப்படித் தேய்கிறது, விரல் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு தயங்குகிறது என்று கவனிக்குமாம். நோய் முற்றுமுன்னே செயற்கை நுண்ணறிவு மோப்பம் பிடித்துவிடும் என்று சொல்லித்தான் போட்டார்கள்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தம்பிக்கு வாசித்துக் காட்டினாள். அக்காவோடு இருப்பவன், பிரிட்ஜ் மெக்கானிக். அவன் சிரிக்கவில்லை.

"வேற என்னக்கா சொல்லுது?"

"ஏண்டா, இது பத்தாதா?"

"சும்மா கேட்டேன். அந்த ஆப்ப போன்லேர்ந்து எடுத்துடுக்கா. நம்மளப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

அதுவும் சரிதான் என்று அப்போதே அழித்துவிட்டாள், பாவி மகள்.

மறுநாள் உடை மாற்றும் அறையே குலுங்கியது.

"உனக்கா மனச்சோர்வு? உன் வாய்க்குப் பயந்து அந்த ஆப்புக்குத்தான்டி வந்திருக்கும்!"

சிரிப்பு அடங்குமுன் கம்பெனி நர்ஸிடமிருந்து ஆள் வந்தது. செய்தி அவருக்கும் போயிருந்தது. தூக்கம், பசி, அழுகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவள் வழக்கம்போல் ஒன்றுக்கு ஒன்பதாகச் சொன்னாள். நர்ஸ் நெற்றியைச் சுருக்கினார்.

"பகல்ல போன் யார்கிட்டம்மா இருக்கும்?"

"மாத்திரை அடைக்கிற கூடத்துக்குள்ளதான் போனே விடமாட்டேங்கிறீங்களே சிஸ்டர். வீட்லதான். தம்பி போன் உடைஞ்சுபோச்சு, அவனோட கஸ்டமருங்க எல்லாம் இதுலதான் அவன்கூட..."

லொடலொடா நின்றுபோனாள்.

நர்ஸின் போனிலிருந்து, வீட்டிலிருந்த தன் போனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை அவளுக்கு. புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றபோது "எனக்கு எதுக்குக்கா?" என்றானே. சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்தானே. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவன் ‘ம்’ கொட்டினான். அதைப் போய்ப் பேச்சு என்று நினைத்தேனே!

கதவு தாழிடவில்லை. தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் யாருடைய பிரிட்ஜின் விசிறியோ. பக்கத்தில் போன். அவள் வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"ஏண்டா எடுக்கல?"

"யாராச்சும் பிரிட்ஜ் ஓடலம்பாங்க."

"அதுக்குத்தானடா நீ இருக்க?"

விசிறியின் இறக்கையை விரலால் தள்ளினான்; அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அந்த ஆப்பு சொன்னது உன்னத்தான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அத அழிக்கச் சொன்ன."

"உனக்கு எதுக்குக்கா இந்தத் தொல்லையும்..."

"டாக்டர்கிட்ட நர்ஸ் சொல்லி வச்சிருக்காங்க. வா."

"நாளைக்கு."

"செருப்ப மாட்டுடா."

வெகுநேரம் செருப்பையே பார்த்தான். பிறகு எழுந்து வந்து ஒரு காலை நுழைத்தான். மற்றதற்குக் கால் வரவில்லை. சொல்ல ஆயிரம் வந்தது அவளுக்கு. ஒன்றையும் சொல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த இன்னொரு காலுக்காக நின்றாள்.